எழுதியது பிள்ளையா, கருவியா? – வளைகுடாக் கல்லூரிகளில் நாம் கற்கக்கூடியது

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம். நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மாத இதழில் தரப்படுகிறது.)



வளைகுடா என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வேலைதான். ஊரில் போர் நடந்த காலத்திலும் அதற்குப் பிறகும் எத்தனையோ அண்ணன்மார், தம்பிமார், வீட்டு வேலைக்கென்று எத்தனையோ அக்காமார், டுபாய்க்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். அந்தப் பணத்தில் கரையேறிய குடும்பங்கள் பல. இன்று நான் பேசப்போவதும் அந்த வளைகுடாவைப் பற்றித்தான். ஆனால் அங்குள்ள வேலைத்தளங்களைப் பற்றியல்ல, வகுப்பறைகளைப் பற்றி.

காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவதா, ஐபாட் வாங்குவதா?" "கட்டுரை எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கலாமா?" "பாவிக்காமலே பாவித்ததாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?" இவற்றில் முதலாவது கேள்வியை ஐக்கிய அரபு இராச்சியத்தின் அரசாங்கக் கல்லூரிகள் ஒரு நாடளாவிய அளவிலேயே செய்து பார்த்தன. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே கற்ற பாடம் உதவும்.

முதலில் அந்த நாட்டின் கல்வி நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐக்கிய அரபு இராச்சியம் உருவானது 1971இல். ஐந்து ஆண்டுகளில், 1976இல், அல் அய்ன் நகரில் முதலாவது தேசியப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். 1988இல் உயர் தொழில்நுட்பக் கல்லூரிகள் வந்தன. 1998இல் சயீத் பல்கலைக்கழகம் வந்தது. இந்த மூன்றும் பிரதானமாக அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. வெளிநாட்டிலிருந்து போய் வாழ்பவர்களின் பிள்ளைகள், எங்கள் ஆட்களின் பிள்ளைகள் உட்பட, பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளுக்கும் போகிறார்கள். அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழகம் 1993இலேயே டுபாய்க்கு வந்துவிட்டது. இந்தியாவின் பிட்ஸ் பிலானி 2000ஆம் ஆண்டில் வந்தது. இவற்றில் எங்கும் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான்.

இதில்தான் சிக்கல். அரச பாடசாலையில் அரபு மொழியில் படித்து வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளை, கல்லூரி வாசலில் திடீரென்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டும். பல பிள்ளைகளால் அது முடியவில்லை. அதனால் பட்டப் படிப்புக்கு முன் 'அடித்தள ஆண்டு' என்று ஒன்றை வைத்தார்கள். ஆங்கிலம், கணிதம், கணினி என்று படித்து, தேறிய பிறகுதான் மேலே போக முடிந்தது.

நேயர்களே, இந்தப் பிள்ளையை எங்களுக்குத் தெரியும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ வந்திறங்கி, மொழி தெரியாமல் வகுப்பின் பின்வரிசையில் இருந்த பிள்ளை எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அந்தப் பிள்ளை இன்று அப்பாவாகவோ அம்மாவாகவோ இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பிழைகள்கூட ஒத்தவை. அரபு மொழியில் நிகழ்காலத்தில் "அவர் ஆசிரியர்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நடுவே 'இஸ்' வேண்டும். இரண்டு மொழிக்காரரும் அதைத் தவற விடுவார்கள். அரபியில் 'ப' ஒலிக்கு எழுத்தில்லை, 'பிக்சர்' என்ற சொல்லுக்குப் 'பி' எழுதுவதா 'பீ' எழுதுவதா என்று அந்தப் பிள்ளை தடுமாறும். தமிழில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து, எனவே எங்கள் பிள்ளையும் தடுமாறும். ஒரு வேறுபாடும் உண்டு. அரபியில் 'அல்' என்ற முன்னொட்டு இருப்பதால் அவர்கள் ஆங்கிலத்தின் 'த' என்ற சொல்லைத் தேவையில்லாத இடத்திலும் போடுவார்கள். தமிழில் அப்படி ஒன்றில்லாததால் எங்கள் பிள்ளைகள் தேவையான இடத்திலும் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, அவர்களுக்கும் எங்களைப் போலவே பேசுகிற மொழி ஒன்று, எழுதுகிற மொழி இன்னொன்று. ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்கிறது. இவை எதுவும் அறிவுக் குறைவால் வருவதல்ல. ஒரு மொழியின் வீட்டிலிருந்து இன்னொரு மொழியின் வீட்டுக்குப் போகும்போது வாசற்படி தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவத்தான் 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. மேலே சொன்ன மூன்று அரச நிறுவனங்களிலும் அடித்தள ஆண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் ஐபாட்டுடன் படிக்கத் தொடங்கினார்கள். ஐபாட் சந்தைக்கு வந்ததே 2010 ஏப்ரலில். இரண்டரை ஆண்டு வயதுள்ள ஒரு கருவியை, ஒரு நாட்டின் மூன்று உயர்கல்வி நிறுவனங்கள் ஒரே காலத்தில் வகுப்புக்குள் கொண்டுவந்தது உலகிலேயே அரிதான காரியம். விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. கூடவே, இதனால் என்ன விளைகிறது என்று ஆராய்ச்சிகளும் தொடங்கின.

நன்மைகள் இருந்தன. ஒரு சொல்லின் உச்சரிப்பைத் தானே பதிந்து கேட்கலாம். தெரியாத சொல்லை விரலால் தொட்டால் பொருள் வரும். படம் எடுத்து, குரல் சேர்த்து, ஒரு சிறு விளக்கப் படம் செய்யலாம். எழுத வெட்கப்படும் பிள்ளை முதலில் பேசிப் பார்க்கலாம். பாடம் மாணவனின் கைக்குள் வந்தது. கரும்பலகையைப் பார்த்துப் பிரதி பண்ணும் பழக்கம் குறைந்தது.

ஆனால் கட்டுரை எழுதுதல் என்று வரும்போது அந்தக் கருவியின் எல்லையும் தெரிந்தது. கண்ணாடித் திரையில் விரலால் ஐந்நூறு சொல் தட்டச்சுச் செய்வது கடினம். அப்பிளின் பென்சில்கூட 2015இல்தான் வந்தது. ஒரு பக்கத்தில் ஆதாரக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் எழுதும் வசதியும் அந்தக் காலத்து ஐபாட்டில் இல்லை. பாடம் இருக்கும் அதே திரையில் விளையாட்டும் அரட்டையும் இருந்தன. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சிறு துண்டுகளாகப் பதிவு செய்வதற்கும் மிக நல்ல கருவி. நீண்ட எழுத்துக்கு விசைப்பலகை வேண்டும்.

ஆகவே முதலாவது கேள்விக்குப் பதில் இது. கட்டுரை எழுதும் பாடங்கள் படிக்கும் பிள்ளைக்கு, விலை குறைந்ததானாலும் நல்ல விசைப்பலகையுள்ள மடிக்கணினி முதலில் வேண்டும். ஐபாட் இரண்டாவது. கையில் காசு மிஞ்சினால் பார்க்கலாம்.

ஆனால் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. எந்தக் கருவியைக் கொடுத்தாலும், எழுத்து வளர்வது ஒரே வழியில்தான். பிள்ளை ஒரு வரைவு எழுத வேண்டும். அதை இன்னொருவர் வாசிக்க வேண்டும். "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல வேண்டும். பிள்ளை திரும்ப எழுத வேண்டும். இப்படி மூன்று நான்கு தரம். எழுத்தைப் படிப்பிப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 1997இல் தொடங்கிய சார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எழுத்து மையம் என்று ஓர் இடம் உண்டு. கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு, பெரும்பாலும் இலவசம். அங்கே போனால் பிழை திருத்தித் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வேலை கேள்வி கேட்பது. "இந்தப் பந்தியில் நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்பார்கள். பிள்ளை வாயால் சொல்லும். "அதையே எழுது" என்பார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே போகத் தயங்குகிறார்கள், கெட்டித்தனம் குறைந்தவர்கள் போகும் இடமென்று நினைத்து. தயவுசெய்து அந்த எண்ணத்தை வீட்டிலிருந்தே மாற்றுங்கள்.

தொழில்நுட்பம் உண்மையாக உதவுவதும் இந்த இடத்தில்தான். கூகிள் டொக்ஸிலோ மைக்ரோசொப்ட் வேர்டிலோ விரிவுரையாளர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். இரண்டு மாணவர்கள் வேறு வேறு நகரங்களில் இருந்தபடி ஒரே கட்டுரையைப் பார்க்கலாம். சிவப்பு மையால் பக்கம் முழுவதும் வெட்டுவதற்குப் பதிலாக, ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். குரலில் கனிவு இருக்கும். பிழையோடு சேர்த்து நல்லதும் சொல்லப்படும்.

தாய்மொழியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். முந்திய கைத்தொலைபேசிகளில் அரபு எழுத்து ஒழுங்காக வராத காலத்தில், வளைகுடா இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் அரபு எழுதினார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு இலக்கங்களைப் போட்டார்கள். 'அய்ன்' என்ற எழுத்துக்கு 3, 'ஹா' என்ற எழுத்துக்கு 7. எங்கள் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் "சாப்பிட்டாச்சா" என்று அம்மம்மாவுக்குச் செய்தி அனுப்புவதும் இதே கதைதான். இன்று அந்தத் தடை இல்லை. பாமினி எழுத்துருவைத் தேடி இறக்கிய காலம் போய், எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழ் எழுத்து வருகிறது. பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்கிறது. கட்டுரைத் தலைப்பைப் பற்றிப் பிள்ளை முதலில் வீட்டில் தமிழில் கதைக்கட்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்யட்டும். கருத்து தெளிந்த பிறகு ஆங்கிலத்திலோ ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ எழுதட்டும். ஆங்கிலம் தெரியாத அம்மாவும் இப்படி ஒரு கட்டுரைக்கு உதவ முடியும்.

2020 மார்ச்சில் எல்லா நாட்டையும் போல வளைகுடாவிலும் கல்வி முழுவதும் திரைக்குள் போனது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணையவழிக் குரல் அழைப்புகளுக்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருந்தது எங்கள் நேயர்களுக்குத் தெரியும். டுபாயில் இருக்கும் தம்பியோடு கதைக்கப் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அந்த மார்ச்சில் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சூம், மைக்ரோசொப்ட் ரீம்ஸ், பிளாக்போர்ட் போன்றவற்றை அனுமதித்தார்கள். அதன் பின் மாணவர் எழுதுவதெல்லாம் கணினிவழியே ஒப்படைக்கும் வழக்கம் எங்கும் உறுதியாகிவிட்டது.

இனி இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன்.

2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வெளிவந்தது. தலைப்பைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வரும். பல்கலைக்கழகங்கள் பதறின. 2023 ஏப்ரலில் டேர்னிற்றின் நிறுவனம், ஒரு கட்டுரையில் எவ்வளவு பகுதி இயந்திரம் எழுதியது என்று மதிப்பிடும் வசதியைச் சேர்த்தது. இதே வேலைக்கு வேறு பல மென்பொருட்களும் வந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். டேர்னிற்றின் பழைய காலத்திலிருந்து செய்துவரும் வேலை, மாணவரின் கட்டுரையை ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு ஒப்பிடுவது. ஒரு வரி பிரதி பண்ணப்பட்டிருந்தால், எங்கிருந்து என்று காட்டும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிக்கும் வசதி அப்படியல்ல. அது காட்டுவது ஓர் ஊகம், சான்று அல்ல. மூலம் என்று எதையும் காட்ட அதனால் முடியாது.

அந்த ஊகம் எப்படிப் பிறக்கிறது? இத்தகைய மென்பொருட்கள் பல பார்ப்பது, அடுத்த சொல் எவ்வளவு எளிதில் எதிர்பார்க்கக்கூடியது என்பதை. இயந்திரம் பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய சொற்களையே தெரிவு செய்யும். ஆகவே சாதாரணச் சொற்களும் சாதாரண வாக்கியங்களும் வந்தால் சந்தேகம் கூடும். இப்போது நினைத்துப் பாருங்கள். இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை எப்படி எழுதும்? தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சாதாரணச் சொற்களைத்தான் போடும்.

2023இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் சோதனைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருட்களுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. ஆனால் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியதென்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை அவை பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்துச் சொற்களை மெருகூட்டியபோது, தவறான குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்தது. அதாவது நேர்மையாக எழுதியவர் மாட்டினார், இயந்திரத்தால் அலங்கரித்தவர் தப்பினார். டேர்னிற்றின் அந்த ஏழில் ஒன்றல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அதே ஆண்டு யூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தனது கண்டுபிடிப்பு மென்பொருளை மீளப் பெற்றுக்கொண்டது. ஓகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டேர்னிற்றினின் அந்த வசதியை நிறுத்திவைத்தது.

டுபாயில் படிக்கும் அரபுப் பிள்ளைக்கும், அபுதாபியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், இங்கே உங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கும் இது ஒரே ஆபத்து. இரவு முழுக்க இருந்து எழுதிய கட்டுரையைப் பற்றி ஒரு கடிதம் வரும், "இதை நீ எழுதியதாகத் தெரியவில்லை" என்று. கல்விக் கட்டணம் கடன் வாங்கிக் கட்டியதாக இருக்கும். வளைகுடாவில் மாணவர் வீசாவில் இருக்கும் பிள்ளைக்கு, படிப்புப் போனால் வதிவிட அனுமதியும் கேள்விக்குறியாகும்.

நேயர்களே, தன் கதை தன்னுடையதுதான் என்று நிரூபிப்பது எங்களுக்குப் புதிய விடயமல்ல. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பாடசாலைச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், பழைய அடையாள அட்டை என்று கிழிந்த கடதாசியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றியவர்கள் நாங்கள். எந்தத் துண்டு எப்போது உதவும் என்று தெரியாததால் எதையும் எறியவில்லை. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்றைக்கு அவர்கள் காப்பாற்ற வேண்டிய கடதாசி, தங்கள் வரைவுகள்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆவணத்தில் எழுதட்டும். கூகிள் டொக்ஸில் 'வேர்ஷன் ஹிஸ்ரறி' என்ற பகுதி, எந்த நாள் எந்த நேரம் என்ன சேர்ந்தது, என்ன அழிந்தது என்று காட்டும். மைக்ரோசொப்ட் வேர்டிலும் ஆவணத்தை வன் டிரைவில் சேமித்தால் இந்த வசதி உண்டு. வேறெங்கோ எழுதி, முடிந்ததை மட்டும் கொண்டுவந்து ஒட்டினால் இந்தத் தடயம் இருக்காது.

இரண்டாவது, கையால் எழுதிய குறிப்புகளையும், வாசித்த புத்தகப் பக்கங்களின் படங்களையும், பதிந்த குரலையும் தவணை முடிந்து புள்ளி வரும்வரை அழிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஒவ்வொரு பாடத்தின் விதிமுறையையும் தொடக்கத்திலேயே வாசிக்கட்டும். சில விரிவுரையாளர்கள் செயற்கை நுண்ணறிவை யோசனை கேட்க அனுமதிப்பார்கள், சிலர் இலக்கணம் பார்க்க மட்டும் விடுவார்கள், சிலர் அறவே கூடாது என்பார்கள். மொழிபெயர்ப்புக் கருவியும் இலக்கணத் திருத்திகளும்கூட இதற்குள் வரலாம். தெரியாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தட்டும்.

நான்காவது, முடித்த கட்டுரையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என்ன வாதம், ஏன் அப்படி, எந்த ஆதாரம். சொல்ல முடிந்தால், நாளைக்கு விசாரணைக் குழுவின் முன்னாலும் சொல்ல முடியும்.

ஐந்தாவது, அப்படியொரு கடிதம் வந்தால், தயவுசெய்து முதலில் பிள்ளையை ஏசாதீர்கள். "பல்கலைக்கழகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நினைப்பது எங்கள் பழக்கம். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் எழுத வேண்டும். வரைவுகளைக் காட்ட வேண்டும். வாய்மொழியாக விளக்க வாய்ப்புக் கேட்க வேண்டும். மாணவர் சங்கத்திலோ மாணவர் ஆலோசனைப் பிரிவிலோ இதற்கு உதவுபவர்கள் இருப்பார்கள். மேன்முறையீடு உண்டா, எத்தனை நாளுக்குள் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த உரை முழுமையாகாது. இயந்திரத்தைக் கொண்டு முழுக் கட்டுரையையும் எழுதுவிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிடிபடுவார்களா என்பது சின்ன விடயம். அந்தப் பிள்ளை மூன்று ஆண்டு முடித்து வெளியே வரும்போது, சிந்தித்து ஒரு பக்கம் எழுதத் தெரியாமல் வரும். நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கருவியிடம் "இந்தப் பந்தி ஏன் விளங்கவில்லை?" என்று கேட்பது வேறு, "எனக்காக எழுது" என்பது வேறு. முதலாவது, விதிமுறை இடந்தந்தால், ரியூசன் வாத்தியாரிடம் கேட்பது போன்றது. இரண்டாவது, சோதனைக்கு வேறு ஆளை அனுப்புவது போன்றது.

2025இல் ஐக்கிய அரபு இராச்சியம் இன்னொரு படி எடுத்துவைத்தது. 2025–26 கல்வியாண்டு முதல் அரச பாடசாலைகளில் பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை செயற்கை நுண்ணறிவை ஒரு பாடமாகவே படிப்பிக்க அறிவித்தது. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது, கருவியைப் பற்றி ஆசிரியர்களைவிட அவர்களுக்குக் கூடத் தெரிந்திருக்கலாம். அப்போதும் ஒருவர் வரைவை எழுத வேண்டும், ஒருவர் அதை வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும், எழுதியவர் திரும்ப எழுத வேண்டும். 14,000 ஐபாட்டுகளாலும் அந்த வேலையைக் குறைக்க முடியவில்லை.

இந்த வாரம் உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ கட்டுரை எழுதிக்கொண்டிருந்தால், எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கேட்காமல், எத்தனையாவது வரைவு என்று கேளுங்கள். முதல் வரைவைக் காட்டச் சொல்லுங்கள். அதை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.